தூண்டில் தக்கை சொன்ன சாட்சி

மாலை வேளையில் ஊர்க்குளத்தின் கரையோரமாக நடந்து சென்றிருப்பீர்கள். படித்துறையிலோ மரநிழலிலோ யாராவது ஒருவர் மூங்கில் கழியை நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். சந்தையில் விற்பதற்காக மீன் பிடிப்பவர் அல்லர் அவர். நான்கு கெண்டை கிடைத்தால் குழம்புக்கு ஆகும்; கிடைக்காவிட்டாலும் வருத்தமில்லை. அவருடைய கண்கள் மட்டும் நீரின்மேல் நிற்கும் ஒரு சிறு தக்கையை விட்டு அகலா.

அந்தத் தக்கை ஓர் அளவுகருவி என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு மனிதர்மீது விழுந்த பழியைத் துடைக்கக்கூடிய சாட்சியும் ஒருமுறை அதனிடம் இருந்தது. அதைப் படித்தறிய அன்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வைகாசியில் ஒரு விடியற்காலை

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு நான் விடுமுறையில் இருந்த காலம். எங்கள் ஊர்ப் பொதுக்குளம் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் பரப்புடையது. நடுவில் இரண்டு மீட்டர் ஆழம் இருக்கும். ஆண்டுதோறும் மீன்பாசி ஏலம் போகும். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுவார். கரையில் அமர்ந்து தூண்டில் போடுவோரை மட்டும் ஊர் வழக்கப்படி யாரும் தடுப்பதில்லை. அப்படி நாள் தவறாமல் வந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் தாத்தா.

அவ்வாண்டு வெயில் கடுமையாக இருந்தது. குளத்து நீர் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஆகிவிட்டது. அதன்பின் மூன்று நாட்கள் வானம் மூடியே கிடந்தது, இலை அசையவில்லை. முதல் நாள் தாத்தா தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே நரம்பை இரண்டு முழம் விட்டிருந்தார். மீன் கொத்தவில்லை. மறுநாள் அதை ஒரு முழமாகக் குறைத்தார். மூன்றாம் நாள் மாலை ஒரு சாண்தான் விட்டார். "அடியில மீனே இல்ல தம்பி. எல்லாம் மேல வந்து நிக்குது. தண்ணி சரியில்ல" என்றார்.

அன்றிரவு இடியுடன் மழை கொட்டிற்று. விடிந்து பார்த்தால் குளமெங்கும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பெரிய பெரிய கட்லாக்கள்! கரையோரச் சேற்றில் துள்ளிய இரண்டு விரால்களைப் பிடித்துக்கொண்டு சிறுவர்களாகிய நாங்கள் வீட்டுக்கு ஓடினோம்.

"முந்தின நாள் கடைசியாகக் கரையில் இருந்தது யார்?" என்ற கேள்வி எழுந்தது. தாத்தாவின் இரையில் விஷம் இருந்தது என்று யாரோ சொல்ல, அது ஊர் முழுதும் பரவிற்று. மழை விட்டு வெயில் காய்ந்த நண்பகலில் நீரை எடுத்துச் சோதித்தவர்கள், "நீரில் காற்றுக் குறைவு ஒன்றுமில்லை" என்றனர். சந்தேகம் இன்னும் வலுத்தது. பஞ்சாயத்து கூடிக் கலைந்தது, எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் தாத்தா அதன்பின் குளக்கரைக்கு வரவேயில்லை. தூண்டில் கழி பரணுக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார்.

நான் இயற்பியல் படித்து, கற்பிக்கத் தொடங்கிய பிறகே, "தண்ணி சரியில்ல" என்ற அவருடைய சொல்லின் பொருள் எனக்கு முழுதும் விளங்கிற்று. அதைப் படிப்படியாகக் காண்போம்.

தக்கை என்னும் தராசு

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை வெளியேற்றுகிறது. ஆர்க்கிமிடீசின் இவ்விதியைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். தக்கையைக் கீழே இழுத்தால், கூடுதலாக எவ்வளவு நீர் வெளியேறுகிறதோ அதன் எடையே இழுக்கும் விசையின் அளவாகும்.

இரண்டு தக்கைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று, 2 செ.மீ. விட்டமுள்ள புட்டி மூடித் தக்கை. அதன் குறுக்குப் பரப்பு 3.14 சதுர செ.மீ. மற்றொன்று, உதிர்ந்த மயிலிறகின் தண்டு. விட்டம் 4 மி.மீ., குறுக்குப் பரப்பு 0.126 சதுர செ.மீ. ஒரு சிறு கெண்டை 1 கிராம் எடையளவு விசையோடு இரையை இழுப்பதாகக் கொள்வோம். 1 கன செ.மீ. நீரின் எடை 1 கிராம். ஆகவே புட்டித் தக்கை 3 மி.மீ. அளவே அமிழும், சிற்றலையில் அது கண்ணுக்கே தெரியாது. மயிலிறகுத் தண்டோ ஏறக்குறைய 8 செ.மீ. அமிழ்ந்துவிடும். இருபத்தைந்து மடங்கு நுட்பம்! நீர்மமானியின் மேற்புறத் தண்டு மெலிதாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

தக்கைக்கு இன்னொரு பணியும் உண்டு. அதை நரம்பில் மேலும் கீழுமாக நகர்த்தி, முள் தொங்கும் ஆழத்தை நாம் விரும்பியபடி அமைக்கலாம். இரண்டு முழத்தில் மீன் கொத்துகிறதா, ஒரு முழத்திலா, ஒரு சாணிலா? மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை அது அறிவித்துவிடும். மீன் தனக்கு மூச்சுவிட வசதியான ஆழத்திலேயே நிற்கும். ஆகவே தூண்டில் போடுபவர் தம்மை அறியாமலேயே குளத்தின் உள்நிலையை அடுக்கடுக்காக அளந்துகொண்டிருக்கிறார்.

நீரில் காற்று எவ்வளவு?

நாம் சுவாசிக்கும் 1 லிட்டர் காற்றில், 30 டிகிரி செல்சியசில், ஏறத்தாழ 270 மி.கி. ஆக்சிஜன் உண்டு. அதே வெப்பநிலையில் 1 லிட்டர் நீர், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது, கரைத்து வைத்திருக்கக்கூடியது சுமார் 7.5 மி.கி. மட்டுமே. முப்பத்தாறில் ஒரு பங்கு! அந்தச் சிறு அளவைப் பெறுவதற்கும், காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தியான நீரை மீன் ஓயாமல் செவுள் வழியே தள்ளவேண்டியிருக்கிறது.

நீர் சூடாக ஆக இக்கையிருப்பு இன்னும் சுருங்குகிறது. 0 டிகிரியில் 14.6 மி.கி. கரையும், 20 டிகிரியில் 9.1 மி.கி.; 30 டிகிரியில் 7.5 மி.கி. மீனின் தேவையோ எதிர்த்திசையில் செல்கிறது. அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவதால், 10 டிகிரி உயர்வுக்கு அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரு மடங்காகிறது. கோடையில் வரவு குறைகிறது, செலவு கூடுகிறது.

வளர்ப்புக் கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மி.கி. ஆக்சிஜன் இருந்தால் நன்று. 3-க்குக் கீழே போனால் இரை எடுப்பது குறையும், திணறல் தொடங்கும். 1-க்கும் கீழே இறங்கிச் சில மணி நேரம் நீடித்தால் உயிர் பிழைப்பது அரிது.

பகலில் வரவு, இரவில் செலவு

குளத்துக்கு ஆக்சிஜன் இரு வழிகளில் வருகிறது. ஒன்று, மேற்பரப்பின் வழியே காற்றிலிருந்து. மற்றொன்று, நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகள் செய்யும் ஒளிச்சேர்க்கையிலிருந்து. வெயில் நாளின் பிற்பகலில் பாசி நிறைந்த குளத்தின் மேல்நீரில் லிட்டருக்கு 12 மி.கி.க்கு மேலும் ஆக்சிஜன் ஏறிவிடுவதுண்டு. காற்றோடு சமநிலையில் கரையக்கூடிய அளவையும் அது மிஞ்சி நிற்கும்.

ஆனால் கதிரவன் மறைந்ததும் அதே பாசிகள் கடன் கேட்கத் தொடங்குகின்றன. ஒளியில்லாதபோது அவை ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. மீனைப்போல் சுவாசித்துச் செலவிடுகின்றன. அடிச்சேற்றில் அழுகும் இலை தழைகளைத் தின்னும் பாக்டீரியாக்களும் செலவிடுகின்றன. இச்செலவில் பாசிகளின் பங்கே பெரிது. மீன்களின் பங்கு பெரும்பாலும் சிறிது. இரவு முழுதும் குறைந்துகொண்டே வரும் ஆக்சிஜன், விடியலுக்குச் சற்று முன்னே மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது.

இப்போது மூன்று நாள் மூடிய வானத்தை நினைத்துப் பாருங்கள். பகல் வரவு குறைந்துவிட்டது; இரவுச் செலவு குறையவில்லை. ஒவ்வொரு விடியலிலும் கையிருப்பு முந்தின விடியலைவிடத் தாழ்கிறது. "பச்சையாகத்தானே இருக்கிறது, நீர் வளமாக உள்ளது" என்று நாம் மகிழும் குளமே இதில் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகிறது.

காற்று மேலே, மீன் கீழே

"குளத்தின்மேல் கடலளவு காற்று இருக்கிறதே, அதிலிருந்து ஆக்சிஜன் இறங்கி வராதா?" என்று நீங்கள் கேட்கலாம். வரும்; ஆனால் மிக மெதுவாக. அசையாத நீரில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் விரவிச் செல்லும் வேகம் காற்றில் விரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். விரவலை மட்டுமே நம்பினால், 1 மீட்டர் ஆழத்தை அடைய ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும் என்று கணக்குச் சொல்கிறது! உண்மையில் குளத்தைக் காப்பாற்றுவது காற்று எழுப்பும் அலையும், நீர் மேலும் கீழும் புரளுவதுமே ஆகும். அந்த மூன்று நாட்களும் இலை அசையவில்லை என்பதை மறக்கவேண்டாம்.

அது மட்டுமன்று, கோடையில் குளம் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்துவிடுகிறது. பச்சை நீரில் வெயிலின் வெப்பம் மேலேயே தங்கிவிடுகிறது. மேல்நீர் 30 டிகிரி, அடிநீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம் லேசானது. இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் குளிர்நாட்டு ஏரியில் 7 டிகிரி நீருக்கும் 4 டிகிரி நீருக்கும் உள்ள வேறுபாடு 0.07 கிராம்தான். அதே மூன்று டிகிரி, நம் வெப்பநாட்டில் பன்னிரண்டு மடங்கு வலிய தடையை உண்டாக்குகிறது. தண்ணீர்மேல் எண்ணெய் நிற்பதைப்போல் மேல்நீர் அடிநீர்மேல் நிற்கிறது, இரண்டும் கலப்பதில்லை. அடியில் ஒளியும் இல்லை, மேலிருந்து வரவும் இல்லை. அங்கு ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது; அழுகல் வாயுக்கள் சேர்கின்றன. மீன்கள் அடியைக் கைவிட்டு மேலே வருகின்றன. தாத்தாவின் நரம்பு இரண்டு முழத்திலிருந்து ஒரு சாணாகக் குறைந்தது இதனால்தான்.

பிறகு இரவு மழை பெய்தது. மழைநீர் குளிர்ந்தது, ஆகவே அடர்த்தி மிக்கது. அது மேல்நீரைக் குளிரவைத்து, கனத்துக் கீழே அமிழ்கிறது. புயற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு அடுக்குகளும் ஒரே இரவில் புரண்டு கலந்துவிடுகின்றன. ஆக்சிஜனற்ற அடிநீர் குளம் முழுதும் பரவுகிறது. மீன்கள் அண்டியிருந்த அந்த ஒரு சாண் நீரும் போயிற்று. விடியலுக்கு முன் முடிவு வந்துவிட்டது.

விஷமா, மூச்சுத்திணறலா?

குளத்தில் விஷம் கலக்கும் கொடுமையும், வயலில் தெளித்த பூச்சிமருந்து மழையில் அடித்து வரப்படுவதும் உண்மையிலேயே நடப்பவைதாம். ஆகவே மீன் செத்தால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும். ஆனால் ஆளைத் தேடுவதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டிய குறிகள் சில உண்டு.

முதலாவது, நேரம். மூச்சுத்திணறலால் வரும் சாவு பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் நிகழும். முன்னதாக மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து காற்றை விழுங்கும். விஷத்துக்கு நேரங்காலம் இல்லை.

இரண்டாவது, அளவு. ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன்களே முதலில் விழும். விஷம் சிறியவை, பெரியவை என்று பாராது. குஞ்சுகளே முதலில் சாவதும் உண்டு.

மூன்றாவது, இனம். விரால் செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. தலைக்குள் உள்ள தனியறையின் துணையால் வெளிக்காற்றையே சுவாசிக்கும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் குறைந்த ஆக்சிஜனை வெகுவாகத் தாங்கும். கட்லாவும் ரோகுவும் செத்துக் கிடக்க, விரால் துள்ளினால் மூச்சுத்திணறலையே முதலில் எண்ண வேண்டும். தவளைகளும் நீர்ப்பூச்சிகளும் சேர்ந்து செத்திருந்தால் விஷத்தை எண்ண வேண்டும்.

அன்று காலை நான் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய இரண்டு விரால்களும் தாத்தாவுக்கான சாட்சிகள். அவற்றை நாங்கள் குழம்பு வைத்துத் தின்றுவிட்டோம்.

நண்பகலில் நீரைச் சோதித்து, குறைவு இல்லை என்றார்களே! அதுவும் உண்மையே. மழை விட்டு வெயில் வந்ததும் பாசிகள் மீண்டும் வேலையைத் தொடங்கிவிட்டன. நண்பகலுக்குள் மேல்நீரில் ஆக்சிஜன் ஏறிவிட்டது. குற்றம் நடந்த இடத்தைக் கதிரவனே கழுவிவிட்டான் என்று சொல்லலாம். ஆகவே நீரை விடியலிலேயே எடுக்கவேண்டும்; மேலிருந்தும் அடியிலிருந்தும் தனித்தனியே எடுக்கவேண்டும்.

இதற்கான சோதனையை ஹங்கேரி நாட்டு வேதியியலறிஞர் விங்க்ளர் 1888-இல் வெளியிட்டார். எந்தக் கல்லூரி வேதியியல் கூடத்திலும் இதைச் செய்யலாம். குமிழி இல்லாமல் புட்டியில் நிரப்பிய நீரில் மாங்கனஸ் சல்பேட்டுக் கரைசலையும், பின்னர் காரம் கலந்த பொட்டாசியம் அயோடைடுக் கரைசலையும் குளக்கரையிலேயே சேர்க்கவேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகும். வெள்ளையாகவே படிந்தால் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். துல்லியமான அளவைப் பிறகு கூடத்தில் காணலாம். விஷத்தைச் சோதிக்க வேறொரு கண்ணாடிப் புட்டியில் நீரும், அப்போதுதான் செத்த மீனும் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றி மீன்வளத் துறையினரிடம் கொடுக்கவேண்டும்.

நீங்களே அளந்து பாருங்கள்

இத்தாலிய அறிஞர் ஆஞ்சலோ செக்கி 1865-இல் கடல்நீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளை வட்டத்தகட்டை நீருக்குள் இறக்கினார். ஒரு சாண் அகலமுள்ள வெள்ளைத் தட்டும், முடிச்சிட்ட கயிறும், ஒரு கல்லும் இருந்தால் போதும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை நீரில் அது ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது; இரவில் ஆபத்து.

அடிநீரின் வெப்பநிலையை அறிய, கல் கட்டிய புட்டியின் மூடித் தக்கையில் தனிக் கயிறு கட்டி உள்ளே இறக்குங்கள். வேண்டிய ஆழத்தில் கயிற்றைச் சுண்டினால் மூடி திறந்து அவ்விடத்து நீர் நிரம்பும். உடனே தூக்கி வெப்பமானியை வையுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் அளந்து ஒப்பிடுங்கள். ஆழமான இடத்துக்குத் தனியாகப் போகவேண்டாம். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்துவிட்டால் என்ன செய்வது? நீரைச் சிதறடிப்பதே முதலுதவி. 1 லிட்டர் நீரை 2 மி.மீ. விட்டமுள்ள துளிகளாகத் தெறிக்கவைத்தால், காற்றைத் தொடும் பரப்பு 3 சதுர மீட்டர் ஆகிறது. இரண்டு மீட்டர் ஆழக் குளத்தில் அதே 1 லிட்டருக்குக் கிடைக்கும் மேற்பரப்பு 5 சதுர செ.மீ. மட்டுமே. ஆறாயிரம் மடங்கு பெருக்கம்! பம்புசெட்டு இருந்தால் குளத்து மேல்நீரையே எடுத்து, உயரத்திலிருந்து தெறித்து விழும்படி திரும்ப விடுங்கள். இல்லையேல் மூங்கில் கழிகளால் நீரை அடித்துக் கலக்குங்கள். அடிச்சேற்றை மட்டும் கிளறவேண்டாம். தீவனமும் சாண உரமும் இடுவதை அன்றே நிறுத்துங்கள். நிலையான தீர்வு, சாக்கடையும் சோப்புநீரும் குளத்தில் கலவாமல் தடுப்பதேயாகும். பாசிக்கு அவையே உரம்.

இவ்வளவும் எங்கள் ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், மூன்றாம் நாள் மாலையிலேயே பம்புசெட்டு ஓடியிருக்கும். மீன்களும் பிழைத்திருக்கலாம், ஒரு முதியவரின் மாலைப்பொழுதும் பிழைத்திருக்கும்.

அடுத்தமுறை குளக்கரையில் தூண்டிலோடு ஒருவர் அமர்ந்திருப்பதைக் கண்டால், பேசாமல் கடந்து போகாதீர்கள். சற்று நின்று, "எத்தனை முழத்தில் கொத்துகிறது?" என்று கேளுங்கள். சென்ற வாரம் இரண்டு முழம், இன்று ஒரு சாண் என்று அவர் சொன்னால், வானத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மூட்டமாக இருந்தால், அன்றிரவே குத்தகைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுங்கள்.